அசையாதே என்றார்கள், நட என்கிறார்கள்

மாரடைப்பு வந்து பிழைத்தவரைக் கட்டிலோடு கட்டிப்போடாத குறையாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நோயை 1912இல் தெளிவாக விவரித்த அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், நோயாளி பல நாட்கள் படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்றார். பின்னால் வந்தவர்கள் அதை ஆறு வாரம், எட்டு வாரம் என்று நீட்டினார்கள். புண்பட்ட தசை ஆறுவதற்குள் அசைந்தால் இதயம் கிழிந்துவிடும் என்று பயம். புரண்டு படுக்கக்கூட ஆள் துணை வேண்டும், சோறும் ஊட்டித்தான் விட வேண்டும். கிடந்த கிடையில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் அடைத்து இறந்தவர்கள் உண்டு.

பாஸ்டனில் சாமுவேல் லெவின் என்ற மூத்த மருத்துவருக்கு இது சரியாகப் படவில்லை. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், சுமையும் குறையும் என்பது அவர் கணக்கு. இளையவரான பெர்னார்டு லௌனைச் சேர்த்துக்கொண்டு நோயாளிகளை முதல் வாரத்திலேயே நாற்காலிக்கு மாற்றினார். அவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். 1952இல் இருவரும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைப் பார்த்த பால் டட்லி ஒயிட் நடமாட்டத்தை ஆதரித்தவர். ஐசனோவர் மறு ஆண்டே தேர்தலில் நின்று ஜெயித்தார்.

இன்றைய குழப்பம் வேறு வகை. நெஞ்சு வலியே தெரியாத ஒருவர் மாஸ்டர் ஹெல்த் செக்கப் போகிறார். மார்பு முடியை மழித்து ஒயர்களை ஒட்டி, டிஎம்டி எனும் டிரெட்மில் பரிசோதனைக்காக ஓடும் பட்டையில் ஏற்றுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். சியாட்டிலின் ராபர்ட் புரூஸ் 1960களில் வகுத்த முறை அது. கடைசியில் தாளில் ‘டிஎம்டி பாசிட்டிவ்’ என்று ஒரு வரி வருகிறது. வீட்டுக்கு வரும்போது கையில் மாத்திரைச் சீட்டு. தெரிந்த ஒருவர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்கிறார், இன்னொருவர் மாடிப்படியே ஏறாதே என்கிறார்.

அந்த ஒரு வரியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடைப்பே இல்லாத பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, பாசிட்டிவ் வருவதுண்டு. எத்தனை நிமிடம் நடந்தார், நடக்கும்போது நெஞ்சு இறுகியதா, ரத்த அழுத்தம் ஏறியதா இறங்கியதா என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் படிக்கிறார்கள்.

“டாக்டர், இந்த மாத்திரை எனக்கு எதுக்கு?” என்று கேட்பவரை, டாக்டரை நம்பாதவர் என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1980களில், மாரடைப்புக்குப் பின் இசிஜியில் கூடுதல் துடிப்புகள் தெரிந்தால், அவற்றை அடக்கும் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். தாளில் துடிப்பு சீரானது. ஆனால் 1989இல் வெளிவந்த காஸ்ட் என்ற ஆய்வில், என்கேனைடு, ஃபிளெக்கைனைடு சாப்பிட்டவர்களே வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம் இறந்திருந்தார்கள். ஸ்டென்ட் விஷயத்திலும் இப்படி ஒரு திருத்தம் வந்தது. நிலையான இதய நோய் உள்ள 5,179 பேரை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. முதலில் மருந்து, தேவைப்பட்டால் மட்டும் ஆஞ்சியோ என்று போனவர்கள், உடனே ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் பைபாஸுக்கும் போனவர்களைவிட அதிகம் இறக்கவில்லை. நெஞ்சு வலி உள்ளவர்களுக்கு ஸ்டென்ட், பைபாஸால் வலி நன்றாகக் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். இடது பிரதான ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்கள் கதை வேறு.

மாரடைப்பு வந்தவருக்கு ஆயுள் முழுக்க என்று எழுதப்பட்ட பீட்டா பிளாக்கரும் இப்போது மறுபரிசீலனையில் இருக்கிறது. இதயத்தின் பம்பிங் நன்றாக இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை என்று 2024இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே மாத்திரையை நிறுத்தக் கூடாது. சட்டென நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சு வலியும் மாரடைப்பும் வரலாம். கேட்டு, டாக்டர் சொன்னால், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நடைக்கும் இந்த மாத்திரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு, அதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை. மெட்டோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரின் துடிப்பு எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஓரளவுக்கு மேல் ஏறாது. அதிகபட்சத் துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அவருக்குப் பொருந்தாது. கைக்கடிகாரத்தில் அந்த எண்ணைத் துரத்தி மூச்சிரைக்க நடப்பது ஆபத்து. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நின்றுவிட வேண்டும், வலி விடாவிட்டால் ஆஸ்பத்திரிதான். டிஎம்டி எடுத்த அன்று காலையில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். துடிப்பு தேவையான அளவுக்கு ஏறாமலேயே பரிசோதனை முடிந்திருக்கலாம்.