எல்லை கடக்கும் மாத்திரைகள்: ஒரு நாட்டில் மருந்து, மறு நாட்டில் குற்றம்

வெளிநாடு செல்பவரின் பெட்டியில் துணிமணிகளோடு ஒரு மருந்துப் பையும் இருப்பது வழக்கம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளோடு, அங்குள்ள உறவினர் கேட்டார் என்பதற்காக வாங்கிய சில மாத்திரை அட்டைகளும் அதில் இருக்கும். ஆனால் சொந்த நாட்டில் சட்டப்படி வாங்கிய மருந்தே, சென்று இறங்கும் நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருளாக இருக்கக்கூடும்.

2017ஆம் ஆண்டு எகிப்தின் ஹுர்காடா விமான நிலையத்தில் பிரிட்டிஷ் பெண் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவரிடமிருந்தவை டிரமடோல் என்னும் வலி நிவாரணி மாத்திரைகள். முதுகுவலியால் அவதியுறும் தனது எகிப்தியத் துணைவருக்காக அவற்றைக் கொண்டுவந்ததாக அவர் தெரிவித்தார். ஆயினும் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2015ஆம் ஆண்டு ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் அமெரிக்க உயர் அதிகாரி ஒருவர், ஆக்ஸிகோடோன் மாத்திரைகள் அஞ்சல் பொதியில் வந்ததை அடுத்துக் கைதானார். அவர் பதவி விலகினார். பின்னர் வழக்கு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டார்.

வேறுபாடு ஏன்?

போதை தரக்கூடிய மருந்துகளை உலக அளவில் கட்டுப்படுத்துபவை 1961, 1971ஆம் ஆண்டுகளின் ஐ.நா. உடன்படிக்கைகள். பயணிகள் தமது சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு மருந்து கொண்டுசெல்வதை அனுமதிக்க 1971ஆம் ஆண்டு உடன்படிக்கை இடமளிக்கிறது. ஆனால் எந்த மருந்து, எவ்வளவு, எந்த ஆவணத்துடன் என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கிறது.

சர்வதேசப் பட்டியலில் இல்லாத மருந்தையும் ஒரு நாடு தனது சட்டத்தின் கீழ் கொண்டுவரலாம். டிரமடோல் அப்பட்டியலில் இல்லாதிருந்தபோதே பிரிட்டன் 2014ஆம் ஆண்டிலும், இந்தியா 2018ஆம் ஆண்டிலும் அதைக் கட்டுப்பாட்டு மருந்தாக்கின.

நாட்டுக்கு நாடு

சாதாரண மருந்துகளைப் பொறுத்தவரை பல நாடுகள் ஏறத்தாழ மூன்று மாதத் தேவைக்கானதை அனுமதிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இந்த அளவு மூன்று மாதம். கனடாவில் 90 நாட்களுக்கானது அல்லது ஒரு முழுச் சிகிச்சைக்கானது, இவற்றில் எது குறைவோ அது. அமெரிக்காவிலும் பொதுவாக 90 நாட்கள் என்பதே அளவுகோல்.

பிரிட்டனில் கட்டுப்பாட்டு மருந்துகள் மூன்று மாதத்துக்குக் குறைவான தேவைக்கானவை என்றால் மருத்துவரின் கடிதம் போதும். அதற்கு மேற்பட்டால் உள்துறை அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்கிடையே இத்தகைய மருந்துகளுடன் பயணிப்போருக்கு, அங்கு வசிக்கும் நாட்டின் அதிகாரிகள் 30 நாட்கள் செல்லுபடியாகும் சான்றிதழ் வழங்குகிறார்கள்.

ஜப்பானின் விதிகள் மேலும் கடுமையானவை. மருத்துவர் சீட்டில் வாங்கும் மருந்துகளை ஒரு மாதத் தேவைக்கு மேல் கொண்டுசெல்ல முன்கூட்டியே சான்று பெற வேண்டும். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகளை எந்த மருத்துவச் சீட்டுடனும் கொண்டுசெல்ல இயலாது. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்துகளுக்கும் தடை உண்டு.

தமிழர்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு எமிரேட்டுகளிலும், கோடீன், டயசெபாம் போன்றவை அடங்கிய மருந்துகளுக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படக்கூடும். சில இருமல் மருந்துகளிலும் கோடீன் உண்டு என்பது பலர் கவனிக்கத் தவறும் விடயம். நமது சமையலறைகளில் சாதாரணமாக இருக்கும் கசகசாவுக்கும், அது அபினிச் செடியின் விதை என்பதால், எமிரேட்டுகளில் தடை உள்ளது.

நாட்டு மருந்துகள்

சித்த, ஆயுர்வேத மருந்துகள் மூலிகைதானே என்று எண்ணுவதும் பிழையாகலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் இருந்ததாகக் கண்டது. மேலும், பெயர்ச்சீட்டு இல்லாத சூரணப் பொட்டலம் எதுவென்று சுங்க அதிகாரிக்கு விளக்குவது எளிதல்ல.

பிறருக்காகக் கொண்டுசெல்வது

"ஊரிலிருந்து வரும்போது அப்பாவின் மாத்திரையையும் வாங்கி வா" என்பது பரிவின் அடையாளம்தான். ஆனால் சொந்த உபயோகம் என்று சட்டம் சொல்வது பயணி தானே உட்கொள்ளும் மருந்தையே. தம்முடன் பயணிக்கும் நெருங்கிய குடும்பத்தினரின் மருந்தைக் கொண்டுவர ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் அனுமதிக்கின்றன. வேறொருவர் பெயரிலுள்ள மருந்து, பெயரே இல்லாத மருந்து ஆகிய இரண்டுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியவர் அதைச் சுமந்து வந்தவரே.

அஞ்சலில் அனுப்புவதற்கான விதிகள் வேறு. பல நாடுகளில் அவை இன்னும் கடுமையானவை.

என்ன செய்யலாம்?

மருந்துகளை அவற்றின் அசல் பெட்டியிலேயே எடுத்துச் செல்வது நல்லது. வெட்டியெடுத்த மாத்திரை அட்டைகளில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் காணாமற்போய்விடுகின்றன. மருத்துவச் சீட்டின் பிரதியும், நோயையும் அன்றாட அளவையும் குறிப்பிடும் மருத்துவரின் ஆங்கிலக் கடிதமும் உடனிருக்க வேண்டும். வணிகப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால், கடிதத்தில் மருந்தின் மூலப்பெயரே முக்கியம்.

அன்றாட மருந்துகளைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்து பயனற்றுப் போகக்கூடும்.

விமானம் மாறும் இடத்தில் குடிவரவைக் கடக்க நேர்ந்தால், அந்த நாட்டின் விதிகளும் பொருந்தும். செல்லும் நாட்டின் தூதரகத்திடமோ சுகாதாரத் துறையிடமோ பல வாரங்களுக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது பாதுகாப்பானது. வியன்னாவிலுள்ள சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியமும் பயணிகளுக்கான நாடுவாரி விதிகளைத் தொகுத்து வெளியிடுகிறது.

கட்டுப்பாடு உள்ளது என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிட்டுப் பயணிப்பதும் ஆபத்தானது. அனுமதி கிடைக்காத மருந்துக்கு மாற்று உண்டா என்பதை, பயணச்சீட்டு வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.