விந்தை வாத்தியங்களும் விண்ணோசையும்

இசைக்கு உறைவிடமென மேனாட்டார் போற்றும் வியன்னா நகரிலே, 1998ஆம் ஆண்டில் தோன்றிய வாத்தியக் குழுவொன்று உண்டு. அக்குழுவினர் கச்சேரி நிகழும் நாளிற் சந்தைக்குச் சென்று காய்கறி வாங்குவர். கரற்றைத் துளைத்துக் குழலாக்குவர், பூசணியை முழவாக்குவர், லீக்ஸ் தண்டுகளை ஒன்றோடொன்று உராய்ந்து பிடில்போல் ஒலிப்பிப்பர். கச்சேரி முடிந்ததும் அவையோர்க்குக் காய்கறிச் சூப்பு வழங்கப்படும். செவியுணவையும் வயிற்றுணவையும் வேறு பிரித்துப் பேசிய வள்ளுவர் இதனைக் கேட்டிருப்பின் யாது கூறுவாரோ, அறியோம்.

இச்செய்தியை வகுப்பிற் கூறியபோது மாணவர் நகைத்தனர். நகைத்தற்குரியதே. ஆயினும், ஒருவர் மேடையேறி மட்குடமொன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒருமணி நேரம் தட்டினால் அம்மாணவர் நகையார். கடம் வாசிக்கிறார் என்று அடக்கத்தோடிருந்து கேட்பர். இரும்பு வளையமொன்றைப் பல்லிடையே வைத்து அதன் நாவை விரலால் மீட்டினால் அது முகர்சிங். வாத்தியம் எதுவுமின்றித் தாளச் சொற்களை வாயினாலே பொழிந்தால் அது கொன்னக்கோல். மன்னார்குடிப் பக்கிரியாபிள்ளை அதனாலேயே பெரும்புகழ் எய்தினார். குடமும் கரற்றும் தம்முள் அத்துணைத் தூரமுடையன அல்ல. விந்தை என்பது பெரும்பாலும் வாத்தியத்தில் இல்லை. கேட்பவனுடைய செவியின் பழக்கத்தில் உள்ளது. இதனையே ஈண்டுச் சிறிது விரித்துக் கூறப் புகுகின்றோம்.

சலதரங்கத்தை நோக்குக. பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் அளவறிந்து நீர் வார்த்து, மெல்லிய மூங்கிற் குச்சிகளால் விளிம்பிலே தட்டுவர். நீர் கூடுந்தோறும் சுரம் தாழும். போத்தலின் வாயில் ஊதும்போது நீர் கூடக்கூடச் சுரம் உயர்வதை அறிந்த சிறுவர் இது முரண் என்பர், முரணன்று. போத்தலில் அதிர்வது உள்ளேயுள்ள காற்று. நீர் ஏற ஏறக் காற்றின் இடம் குறுகுகிறது. கிண்ணத்தில் அதிர்வது கிண்ணத்தின் சுவர். நீர் அதற்குச் சுமையாகி அதிர்வை மெதுவாக்குகிறது. இதன் பெரிய இடர்ப்பாடு கமகம். தட்டிய சுரம் தட்டியபடியே நிற்கும். ஆதலின் வல்லோர் தட்டிய கணமே குச்சி நுனியால் நீரைத் தொட்டு அலைத்து ஒலியை அசைப்பர். இருபதாம் நூற்றாண்டில் ஆனையம்பட்டிச் சுப்பையரும், 2013இல் மறைந்த சீதா துரைசாமி அம்மையாரும் இக்கருவியால் அறியப்பட்டவர்கள். மின்னலின் இயல்பை ஆராய்ந்த அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினும் 1761இல் கண்ணாடிக் கிண்ணங்களை ஓரச்சிற் கோத்துச் சுழலவிட்டு, ஈரவிரலால் தொட்டு இசைக்கும் கருவியொன்றை அமைத்தார். அதற்கெனப் பாடலமைத்தவருள் மோட்சார்ட்டும் ஒருவர்.

வாசிக்கத் தெரியாதோரையே சேர்த்துக்கொள்ளும் வாத்தியக் குழுவொன்று 1970இல் இங்கிலாந்தின் போட்ஸ்மத் நகரில் எழுந்தது. நம் நாட்டிலும் அத்தகைய குழுக்கள் இல்லாமலில்லை; ஆனால் அவை அக்கொள்கையை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதில்லை.

இனி, விந்தையாக வந்து நமதாகிவிட்டவற்றைக் கருதுவோம். பிடில் இல்லாத கச்சேரியை இன்று நினைத்தல் அரிது. ஆனால் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சென்னைக்கு அணித்தான மணலியிலே ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைப் பயின்ற காலத்தில், அது வெள்ளைக்காரரின் பாண்டு வாத்தியக் கருவியன்றி வேறில்லை. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனிற் பெற்ற தேர்ச்சிக்காகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தப் பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பின்னர் கிளாரினெற் வந்தது, ஏ. கே. சி. நடராசன் அதனை நாதசுரத்துக்கு நிகராக ஒலிப்பித்தார். பெல்ஜிய நாட்டவரான சாக்ஸ் என்பார் 1846இல் உரிமைப் பத்திரம் பெற்ற சக்சபோனை, மைசூர் அரண்மனைப் பாண்டிற் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், கருநாடக இசைக்கேற்பத் திருத்தியமைத்து, 1994இல் இலண்டன் அல்பேட் மண்டபத்தின் புகழ்பெற்ற கச்சேரி வரிசையில் வாசித்தார். ஆர்மோனியத்தின் கதை வேறு. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நாடகக் கொட்டகையிலும் அது குடியேறிய பின்பும், சுரங்களை அசைக்க இயலாதது என்னுங் குற்றத்துக்காக 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது; 1971இலே தான் அத்தடை தளர்ந்தது.

இவ்வாறு பிறர் பொருள் நமதாயிற்று. நம் பொருள் பிறிதானமைதான் நெஞ்சை உறுத்துவது. யாழைக் கூறுகின்றோம்.

குருடனாகிய யாழ்ப்பாடி ஒருவன் தன் இசைக்குப் பரிசாக இம்மணற்றிடரைப் பெற்றான் என்பது நம் நாட்டுப் பழங்கதை. வரலாற்றாசிரியர் அதனை ஏற்பினும் மறுப்பினும், ஊர்ப்பெயரிலே யாழ் நிற்கின்றது. பேரியாழுக்கு நரம்பு இருபத்தொன்று, செங்கோட்டியாழுக்கு ஏழு என்று சிலப்பதிகாரப் பாடத்தில் ஆண்டுதோறும் கூறி வருகின்றோம். மாணவரும் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். "அதன் ஒலி எவ்வாறிருக்கும், ஐயா?" என்று ஒருவன் எழுந்து கேட்டால், வகுப்பிலே எடுத்துக்காட்டுதற்கு ஒரு நரம்பும் இல்லை. கரற்றுக் குழலின் ஒலியை இலண்டனிலுள்ள நம் பிள்ளைகள் கேட்டிருத்தல் கூடும். யாழின் ஒலியை யாழ்ப்பாணத்தார் கேட்டிலர்.

அது மறைந்ததற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே உளது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையிலோ ஒரு தந்தியில் மெட்டுக்கு மெட்டு வெவ்வேறு சுரம் பிறக்கும், இழுத்தால் கமகமும் பிறக்கும். தருமபுரத்திலே சம்பந்தர் பாடிய பதிகம் தம் யாழில் அடங்காமை கண்டு திருநீலகண்ட யாழ்ப்பாணர் அதனை முறிக்க ஓங்கினார் எனச் சேக்கிழார் கூறும் வரலாற்றை, பக்தியோடு இக்கண்கொண்டும் படிக்கலாம்.

மறைந்ததைக் கணக்கினால் மீட்க முயன்றவர் சுவாமி விபுலானந்தர். காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, துறவுக்கு முன்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் விளங்கிய அப்பெரியார், சுருதிகளின் அளவைப் பின்னங்களாக வகுத்து, யாழின் வகைகளை ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947 சூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே, சூலை 19இல், அவர் மறைந்தார். அண்மையிலே தமிழ்நாட்டில் இளைஞர் சிலர் மரங்குடைந்து யாழ் செய்து மீட்டத் தொடங்கியுள்ளனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. அவ்வகைக் கருவியொன்றை நம் கல்லூரி இசையறைக்கு வாங்கித் தருவதனைப் பழைய மாணவர் எண்ணிப் பார்க்கலாம். கிரிக்கெற் மட்டைகளுக்கு ஆகும் செலவினும் மிகப் பெரிதாக இராது.

ஆயினும் யாழ் நம் நாட்டினின்றும் முற்றாக நீங்கிற்று என்று கூற எம் நா எழவில்லை. பெரும்பாணாற்றுப்படையிலே ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி, அவ்வில்யாழை விரலால் எறிந்து குறிஞ்சிப் பண் இசைக்கின்றான். வில்லும் நாணுமே யாழின் முதல் வடிவு. அவ்வில்லை மார்கழி, தை மாதங்களில் வல்வெட்டித்துறை முதலிய ஊர்களின் வானத்திலே இன்றுங் கேட்கலாம். பட்டத்தின் தலையிற் கட்டும் 'விண்' அதுவே.

மூங்கிலையோ கமுகஞ் சிலாகையையோ சீவி வில்லாக வளைத்து, மெல்லிய தட்டை நாரை இருமுனையும் இழுத்துக் கட்டுவர். இக்காலத்துச் சிறுவர் பொதி கட்டும் பாசல் நாரைக் கொள்வர். நார் உருண்டையாயிராது தட்டையாயிருத்தல் வேண்டும். அப்போதுதான் காற்று அதனை இருபுறமும் மாறிமாறித் தள்ளி நடுங்கச் செய்யும். நாரை இறுக்கினால் ஓசை கூர்மையாகும். நீட்டித் தளர்த்தினால் கனக்கும். விண்ணின் எடை பட்டத்தின் சமநிலையைக் குலைக்குமாதலால் வாலையும் முச்சையையும் அதற்கேற்பத் திருத்தல் வேண்டும். பத்து வயதுச் சிறுவன் இவையனைத்தையும் நூலின்றி அறிவான். சுருதி சேர்ப்பது என்னுஞ் சொல்லை மட்டும் அவன் அறியான்.

இது நமக்கே உரியதன்று. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்ற நம்மவர் அங்கே 'வாவ்' என்னும் பட்டத்தின் தலையிலும் இத்தகைய வில்லைக் கண்டிருப்பர். சீனர் பட்டத்துக்கு வழங்கும் 'பெங்செங்' என்னும் பெயருக்குக் காற்றின் நரம்புக்கருவி என்பதே சொற்பொருள். ஐரோப்பாவில் கிர்க்கர் என்னும் பாதிரியார், காற்றுத் தானே மீட்டும் யாழொன்றை 1650இல் விவரித்தெழுதினார். அதனைச் சன்னலிலே வைத்துக் கேட்பது பின்னாளிற் செல்வர்க்கு ஒரு பொழுதுபோக்காயிற்று. நம் சிறுவர் அதனை வானத்திலேயே ஏற்றிவிட்டனர்.

வாடைக்காற்று நிலைத்த இரவுகளிலே பட்டத்தை இறக்காது, கயிற்றை மரத்திற் கட்டிவிட்டு உறங்கச் செல்வது வழக்கம். ஊர் அடங்கியபின் கனத்த விண்ணொன்று கீழே நின்று முழங்க, மெல்லிய விண்கள் அதன்மேல் இழையும். பொங்கலை அடுத்த நாட்களில் அவ்வோசை விடியும்வரை ஓயாது. சங்கீதக் கச்சேரியில் அரைமணி நேரம் இருக்கமாட்டாத பையன், தன் விண்ணின் ஓசை சிறிது தாழ்ந்தால் உறக்கத்திலும் அதனை உணர்ந்து, பாயை உதறி எழுந்து முற்றத்துக்கு ஓடுகின்றான்.