தேரை வளர்க்கலாமா?

போன மாதம் என் இரவு நிகழ்ச்சிக்கு ஓர் அம்மாவிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. “தங்கச்சி, என் மகன் ஐஸ்கிரீம் டப்பாவுல ஒரு சொறித்தவளையைப் புடிச்சு வெச்சிருக்கான். ஒம்பது வயசு. படுக்கும்போதுகூட பக்கத்துல வெச்சுக்கிறான். கையில சொறி வந்துடுமா? தூக்கிப் போடச் சொல்லட்டுமா?”

அதை அப்படியே ஒலியேற்றி, நேயர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அன்று பாட்டுப் போட நேரமே கிடைக்கவில்லை. தேரை தாண்டினால் குழந்தை மெலிந்துவிடும் என்றார் ஒருவர். தேரை விழுந்தால் தேங்காய் சுருங்கிவிடும் என்றார் இன்னொருவர். (தென்னை மரம் ஏறும் தேரையை நான் இதுவரை பார்த்ததில்லை.) நான் படித்தது ஊடகத் துறை, உயிரியல் அல்ல. ஆனாலும் ஒரு தாய் கேட்ட கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடந்துபோக மனம் வரவில்லை. தேடிப் படித்தேன். வானொலியில் கிடைத்த இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் சொறி. தமிழில் சொறித்தவளை. மலாயில் ‘காத்தாக் புரு’. புரு என்றாலும் தோல் புண்தான். இரண்டு மொழிக்காரர்களும் சொல்லிவைத்ததுபோல் அந்தத் தோலைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் அதன் முதுகில் இருப்பவை மருக்கள் அல்ல, சுரப்பிகள். மனிதருக்கு மரு வருவது ஒரு வைரஸால். அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. தேரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் தாமான் வீடுகளின் லோங்காங்கில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆசியத் தேரை. தலையில் கறுப்புக் கோடு இழுத்ததுபோல் எலும்பு மேடுகளும், முதுகில் கறுப்பு முனை வைத்த புடைப்புகளும் இருக்கும். அதன் அறிவியல் பெயரிலுள்ள ‘மெலனோஸ்டிக்டஸ்’ என்ற சொல்லுக்குக் கரும்புள்ளி உடையது என்றே பொருள்.

இந்தத் தோலைப் புரிந்துகொண்டால் தேரையில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி. தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் மெல்லிய தோல் பகுதி ஒன்று உண்டு. ஈரத்தின்மேல் அதை அழுத்தி உட்கார்ந்தே நீரை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதைச் சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்து, வறட்சியில் அங்கிருந்தே உடம்புக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கையில் தூக்கியதும் நனைத்துவிடுகிறதே, அது பயத்தில் கொட்டிய குடிநீர். வெயில் காலத்தில் பிள்ளைகள் விளையாட்டாக நாலு முறை தூக்கினால் அதன் தண்ணீர்த் தொட்டி காலி. தோல் பழசாகிவிட்டால் உரித்து, வாயால் இழுத்து, அதையே விழுங்கிவிடும்.

தண்ணீர் நுழையும் வழியாக மற்றவையும் நுழையும். கையில் ஒட்டிய சோப்பு, கொசுவிரட்டி, உப்பு, குழாய்த் தண்ணீரின் குளோரின் எல்லாம் நேராக உடம்புக்குள் போய்விடும். அந்தப் பையனின் டப்பாவைப் பற்றி நான் கவலைப்பட்டது இதனால்தான். ஐஸ்கிரீம் டப்பாவை எதைப் போட்டுக் கழுவினார்களோ!

அதற்காகத் தேரையிடம் பயப்பட எதுவுமில்லை என்று சொல்லமாட்டேன். பயம் சரிதான், இடம்தான் மாறிப்போயிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடித்த சுரப்பிகள் இருக்கின்றன. அழுத்தினால் பால்போல நஞ்சு கசியும். இதயத் தசைகளை இயக்கும் சோடியம், பொட்டாசியம் பரிமாற்றத்தையே அது குலைத்துவிடும். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிகாக்சின் மருந்தும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. அதனால், டிகாக்சின் அளவு மீறியவர்களுக்குப் போடும் முறிவு மருந்தைத் தேரை நஞ்சுக்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். சமைத்தாலும் இந்த நஞ்சு போகாது. தவளை என்று நினைத்துத் தேரையைத் தின்று இறந்தவர்கள் நம் தென்கிழக்காசியாவிலேயே இருக்கிறார்கள். முட்டையிலும் நஞ்சு உண்டு.

தொட்டதற்காக யாரும் சாகப்போவதில்லை. ஆனால் தொட்ட கையை வாயிலோ கண்ணிலோ வைக்கக்கூடாது. சால்மொனெல்லா கிருமியும் ஒட்டியிருக்கலாம் என்பதால் சோப்புப் போட்டுக் கழுவியே ஆகவேண்டும். வீட்டில் நாய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தேரையைக் கவ்விய நாய்க்கு எச்சில் ஒழுகும், ஈறு சிவக்கும், நடுக்கம் வரலாம். உடனே ஈரத்துணியால் ஈறுகளைத் துடைத்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளிப்பக்கமாக வழியும்படி வாயைக் கழுவி, விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, குரல். மழை விட்ட இரவில் லோங்காங் முழுக்கக் கேட்கும் கச்சேரி ஆண்களுடையது. பெண்கள் பாடுவதில்லை, கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். (எங்கள் நேயர்களும் ஏறக்குறைய அப்படித்தான்.) அவசரத்தில் ஓர் ஆண் இன்னோர் ஆணின் முதுகில் ஏறிக்கொள்வதும் உண்டு. பிடிபட்டது உடனே விட்டுவிட்டு ஒரு சத்தம் எழுப்பும். “நானும் ஆண்தான், இறங்கு” என்பதே அதன் பொருள். ஆண் தேரையைக் கையில் பிடித்தாலும் அதே முறைப்பாடு கேட்கும். அந்த ஆணுக்குள்ளும் ஒரு விந்தை இருக்கிறது. விரைகளுக்குப் பக்கத்தில் வளராத சூலகம் ஒன்று, பிடர் உறுப்பு என்பார்கள். விரைகளை அகற்றிவிட்டால் அது மெல்ல வளர்ந்து சூலகமாக முடியும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். தேரைக்குப் பல் இல்லை. நாக்கு வாயின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும்; மடிந்து கிடப்பதை வெளியே வீசி இரையை ஒட்டி இழுக்கும். விழுங்கும்போது கண்ணை மூடும், கவனித்திருக்கிறீர்களா? ருசியில் அல்ல. கண்கள் உள்ளே இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. அசையாத பொருள் அதற்கு உணவாகவே தெரியாது. ஜெர்மனியின் காசெல் பல்கலைக்கழகத்தில் யோர்க் பீட்டர் எவர்ட் என்ற ஆய்வாளர், தேரையின் முன்னால் ஒரு சிறு அட்டைத் துண்டை நகர்த்திப் பார்த்தார். நீளவாக்கில், புழு ஊர்வதுபோல் நகர்த்தினால் பாய்ந்தது. அதே துண்டைச் செங்குத்தாக நிறுத்தி நகர்த்தினால் கண்டுகொள்ளவில்லை. செத்த கரப்பானை எத்தனை நாள் வைத்தாலும் அந்தப் பையனின் தேரை பட்டினிதான் கிடக்கும்.

சரி, வளர்க்கலாமா? முறையாகச் செய்தால் வளர்க்கலாம். சுமார் 60 செண்டிமீட்டர் நீளத் தொட்டி, காற்றோட்டமான மூடி, உள்ளே புதைந்துகொள்ளும் அளவுக்கு ஈரமான தேங்காய் நார்த்தூள். ஒளிந்துகொள்ள அரைத் தேங்காய்ச் சிரட்டை போதும். தெம்புரோங்கின் கீழ் இருக்கும் தவளையைக் கேலி செய்யும் மலாய்ப் பழமொழி தேரைக்குப் பொருந்தாது, அதற்கு அதுதான் நிம்மதி. நீந்தத் தேவையில்லை, ஏறி இறங்கும்படி ஆழமில்லாத தட்டில் குளோரின் நீக்கிய தண்ணீர் வேண்டும். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில சொட்டு போதும். தண்ணீரைத் தினமும் மாற்றவேண்டும். நம் வெப்பத்துக்கு விளக்குச் சூடு வேண்டாம், ஆனால் வெயில் விழும் சன்னலோரம் கூடாது. பறவைக்கும் அரோவானா மீனுக்கும் விற்கும் உயிருள்ள சிள்வண்டை, தேரையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாத அளவில், வாரம் 2 அல்லது 3 முறை கொடுக்கலாம். அவ்வப்போது கால்சியம் பொடி தூவிக் கொடுத்தால் எலும்பு வளையாது. கடையில் வெளிநாட்டு இனம் வாங்க ஆசைப்பட்டால், பணம் கொடுப்பதற்கு முன் பெர்ஹிலித்தானைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பு. அலுத்துப்போனது என்று வேறு ஊரில் கொண்டுபோய் விடக்கூடாது. 1935-இல் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து ஏறக்குறைய 100 தேரைகளைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை. தேரை பெருகி, அதைத் தின்ற உடும்புகளும் குவோல்களும் செத்து விழுந்தன. நம்முடைய ஆசியத் தேரையும் சளைத்ததல்ல. மடகாஸ்கரின் துவாமசினா துறைமுகப் பகுதியில் அது பரவியிருப்பதை 2014-இல் அறிவித்தார்கள். இங்கே தேரையைத் தின்று செரிக்கும் பாம்புகள் உண்டு. அங்குள்ள விலங்குகளில் பெரும்பாலானவை அந்த நஞ்சைச் சந்தித்ததே இல்லை. இன்னொன்று, விற்பனைக்காகக் கைமாறும் தவளை, தேரைகளோடு தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையும் நாடு நாடாகப் போய், பல தவளை இனங்களை அழித்திருக்கிறது. கடையில் வாங்கியதை வெளியில் விடாதீர்கள். லோங்காங்கில் பிடித்ததைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

எனக்குப் பிடித்த வளர்ப்பு முறை 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்தது. தாமஸ் பென்னன்ட் தம் விலங்கியல் நூலில் எழுதிவைத்திருக்கிறார். டெவன்ஷயரில் ஆர்ஸ்காட் என்பவர் வீட்டு வாசற்படியின் கீழே ஒரு தேரை குடியிருந்தது. கூண்டு இல்லை. மாலையில் மெழுகுவத்தி வெளிச்சத்தைக் கண்டால் வெளியே வந்து காத்திருக்கும். மேசைமேல் தூக்கிவைத்துப் புழு கொடுப்பார்கள். விருந்தினர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தே 36 ஆண்டுகள் இருந்தது. கடைசியில் அதே வீட்டில் வளர்ந்த அண்டங்காக்கை ஒன்று கொத்திக் கண்ணைக் குருடாக்கியது. குறி தவற ஆரம்பித்து, ஓராண்டுபோல் இருந்து இறந்துபோனது.

அந்த அம்மாவுக்கு நான் திருப்பி அனுப்பிய குரல் பதிவிலும் இதைத்தான் சொன்னேன். டப்பாவைத் திறந்து, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லுங்கள். பூந்தொட்டிகளுக்கு நடுவே நிழலில் ஒரு தட்டு தண்ணீர் வையுங்கள். இரவில் வாசல் விளக்கு எரியட்டும், பூச்சி தானாக வரும், தேரையும் பின்னாலேயே வரும். தம்பி கதவோரம் உட்கார்ந்து பார்க்கலாம். அந்தப் பக்கம் பூச்சி மருந்து மட்டும் அடிக்கவேண்டாம்.