பிங் வருது, எந்த வழியா வருது?

லினக்ஸ்ல ரூட்டிங் டேபிள் ஒண்ணுதான்னு நானும் ரொம்ப நாள் நினைச்சேன். எப்பவுமே மூணு இருக்கு: 255 லோக்கல், 254 மெயின், 253 டிஃபால்ட். நாமளும் 100, 200னு சேர்த்துக்கலாம். எந்த பாக்கெட் எந்த டேபிளைப் பார்க்கணும்னு ரூல் சொல்லும். சின்ன எண் உள்ள ரூல்தான் முதல்ல. மெயின் டேபிளோட முறை 32766-ல வரும்.

ஒரு சர்வருக்கு ரெண்டு லைன் கொடுத்திருந்தேன். 10.0.2.5-லேர்ந்து கிளம்புற பாக்கெட், டேபிள் 200 வழியா ரெண்டாவது லைன்ல போகணும். பிங் பண்ணேன், பதில் வந்துச்சு. வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி முதல் லைன் படுத்துடுச்சு, ரெண்டாவது லைன்ல வந்த ஒருத்தருக்கும் பதில் போகலை. ஃபோன் மேல ஃபோன்!

விஷயம் என்னன்னா, டேபிள் 200-ல கேட்வே முகவரியைத் தப்பா அடிச்சிருந்தேன். என் பிங் அந்த டேபிளைத் தொடவே இல்லை. சும்மா பிங் பண்ணா, வழி தேடும்போது கிளம்புற முகவரி இன்னும் முடிவாகியிருக்காது. அதனால ரூல் பொருந்தாம, மெயின் டேபிள் வழியா போயிடுது.

இப்போ லேப்ல நாலு மெஷின் வச்சிருக்கேன்: சர்வர், ரெண்டு லைனுக்கு ஆளுக்கொரு கேட்வே, கடைசியில வெளி உலகமா ஒண்ணு. (நாலு பெட்டி வேணாம், லேப்டாப்லயே நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் போதும்.) பிங்கோட ‘மைனஸ் கேபிடல் ஐ’ போட்டு 10.0.2.5-னு முகவரியைச் சொல்லிடுவேன். ரெண்டு கேட்வேயிலயும் டிசிபி டம்ப் ஓடும். பாக்கெட் ரெண்டாவது கேட்வேயில கண்ணுல பட்டாத்தான் டிக். அப்புறம் முதல் லைனோட கேபிளை நானே பிடுங்கிப் பார்ப்பேன்.