நாட்பட்ட கழுத்து வலிக்கான இயன்முறை சிகிச்சைகள்: ஓர் ஒப்பீடு

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கழுத்து வலி நாட்பட்ட கழுத்து வலி எனப்படுகிறது. இதற்கு இயன்முறை மருத்துவத்தில், அதாவது பிசியோதெரபியில், பல சிகிச்சைகள் உள்ளன. ஒத்தடம், மின்தூண்டல், மீயொலி, லேசர், இழுவை, மசாஜ், கைமுறைச் சிகிச்சை, உடற்பயிற்சி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை அனைத்தும் ஒரே அளவு பயன் தருபவை அல்ல. சிகிச்சையாளர் நோயாளிக்குச் செய்பவை, நோயாளி தானே செய்பவை என இவற்றை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். முதல் வகை பெரும்பாலும் குறுகிய கால ஆறுதலைத் தருகிறது. பல மாதங்கள் நிலைக்கும் பயன் இரண்டாம் வகையிலேயே கூடுதலாகக் காணப்படுகிறது.

2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 20 கோடியே 30 லட்சம் பேருக்குக் கழுத்து வலி இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதி.

கழுத்தின் அமைப்பு

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையிலிருந்து 8 இணை நரம்புகள் புறப்பட்டுத் தோள், கை, விரல்கள் வரை செல்கின்றன. வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோகிராம் எடை கொண்டது. இந்த எடையைத் தாங்கிக்கொண்டே எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டியிருப்பதால், கழுத்து எலும்புகளைவிடத் தசைகளையே அதிகம் நம்பியிருக்கிறது.

கழுத்துத் தசைகள் இரு அடுக்குகளாகச் செயல்படுகின்றன. எலும்பை ஒட்டியுள்ள ஆழ்தசைகள் முள்ளெலும்புகளை வரிசை குலையாமல் பிடித்து நிறுத்துகின்றன. மேல்தசைகள் தலையைத் திருப்பவும் தூக்கவும் உதவுகின்றன. வலி நாட்படும்போது பலரிடம் ஆழ்தசைகளின் செயல்பாடு குறைந்து, மேல்தசைகள் அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. மாலையில் கழுத்தும் தோளும் கல்லாக இறுகிவிட்டதாகப் பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

தேய்மானமும் வலியும்

கழுத்து வலியுடன் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும் நடுத்தர வயதினர் பலருக்கு 'எலும்பு தேய்ந்திருக்கிறது' என்று சொல்லப்படுகிறது. தேய்ந்த கழுத்தை அசைத்தால் மேலும் தேயும் என்று அஞ்சி அவர்கள் அசைவைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் கழுத்தில் தொந்தரவு ஏதும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது, 87.6 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதினரில்கூடப் பெரும்பாலோரிடம் இது காணப்பட்டது. எனவே படத்தில் தெரியும் மாற்றமே வலிக்குக் காரணம் என்று முடிவு செய்ய இயலாது. தலை நரைப்பதைப் போல இது வயதோடு வரும் மாற்றமாகவும் இருக்கலாம்.

வலியின் பிரிவுகள்

அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் 2008இல் வெளியிட்டு 2017இல் திருத்திய வழிகாட்டி, கழுத்து வலியை நான்காகப் பிரிக்கிறது.

1. கழுத்தைத் திருப்பும் அளவு குறைந்து, இறுக்கத்துடன் வரும் வலி.
2. அடிபட்டபின் அல்லது தசைக் கட்டுப்பாடு குறைந்ததால் வரும் வலி.
3. கழுத்திலிருந்து எழுந்து தலைவலியாக உணரப்படும் வலி.
4. நரம்பு அழுத்தத்தால் கைக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலன் தந்த சிகிச்சை நமக்கும் தரும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இப்பிரிவுகள் ஒரு காரணம்.

சிகிச்சையாளர் செய்யும் சிகிச்சைகள்

ஒத்தடம்: வெந்நீர்ப் பை, மெழுகு, அகச்சிவப்பு விளக்கு ஆகியவற்றின் வெப்பம் தசை இறுக்கத்தைச் சிறிது நேரம் தளர்த்துகிறது. செலவு குறைவு, வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

மின்தூண்டல்: பேச்சுவழக்கில் 'கரண்ட் வைப்பது' எனப்படும் டென்ஸ், ஐ.எஃப்.டி. முறைகள் இதில் அடங்கும். தோலின் மேல் வைக்கும் தகடுகள் வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. நாட்பட்ட கழுத்து வலிக்கு டென்ஸ் தரும் பயனைப் பற்றி 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 651 பேர் பங்கேற்ற 7 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றிலிருந்து கிடைத்த சான்று மிகவும் வலுக்குறைந்தது என்பதே அதன் முடிவு.

லேசர்: குறைந்த ஆற்றல் லேசர் குறித்த 16 ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, நாட்பட்ட வலியில் சிகிச்சை முடிந்தபின் 22 வாரங்கள் வரை வலி குறைந்திருக்கலாம் என்று காட்டியது. கருவிச் சிகிச்சைகளில் இது ஓரளவு நம்பிக்கை தருவது.

இழுவை: டிராக்‌ஷன் எனப்படும் இதில் தாடையிலும் பிடரியிலும் பட்டை மாட்டிக் கழுத்து மெதுவாக இழுக்கப்படுகிறது. 2008இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வால் இது பயனுள்ளது என்றோ பயனற்றது என்றோ உறுதிசெய்ய இயலவில்லை. கைக்கு இறங்கும் நரம்பு வலியில் பயிற்சியுடன் சேர்த்து இதைப் பயன்படுத்துவதுண்டு.

மசாஜ்: இதில் அளவு முக்கியம். 228 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், வாரத்துக்கு 2 அல்லது 3 முறை 60 நிமிட மசாஜ் பெற்றவர்கள் நல்ல பலன் கண்டனர். அதே எண்ணிக்கையில் 30 நிமிடம் மட்டும் பெற்றவர்களுக்கும், சிகிச்சையின்றிக் காத்திருந்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

காலர்: கழுத்துப் பட்டையை நாட்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் அணிவது தசைகளை மேலும் பலவீனமாக்கும். மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே அணிய வேண்டும்.

கைமுறைச் சிகிச்சை: சிகிச்சையாளர் தம் கைகளால் கழுத்து மூட்டுகளை மெதுவாக அசைப்பது ஒரு முறை, சட்டென்று விசையுடன் திருப்புவது மற்றொரு முறை. இறுக்கத்துடன் வரும் வலியில் திரும்பும் அளவை இது விரைவில் கூட்டுகிறது. தனியாகச் செய்வதைவிடப் பயிற்சியுடன் சேர்த்துச் செய்யும்போது பலன் கூடுதல்.

நோயாளி தானே செய்யும் பயிற்சிகள்

ஆழ்தசைப் பயிற்சி: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்று தலையசைப்பதுபோல் மோவாயை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். அந்நிலையில் 10 விநாடி நின்று தளர்த்த வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல் தோன்றும் இப்பயிற்சி, ஆழ்தசைகளை மீண்டும் வேலைக்குக் கொண்டுவருகிறது.

வலிமைப் பயிற்சி: ரப்பர் பட்டையையோ சிறு எடைகளையோ கொண்டு கழுத்து, தோள், தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்துவது.

நீட்சிப் பயிற்சி: இறுகிய தசைகளை மெதுவாக நீட்டுவது. இது மட்டும் தனியாக நீண்ட காலப் பயன் தருவதில்லை. வலிமைப் பயிற்சிக்குத் துணையாகக் கொள்ளலாம்.

யோகாசனம்: ஜெர்மனியில் 51 பேரிடம் நடந்த ஆய்வில், ஐயங்கார் முறை யோகாசன வகுப்பில் 9 வாரங்கள் சேர்ந்தவர்கள், கையேட்டைப் பார்த்து வீட்டில் பயிற்சி செய்தவர்களைவிட அதிக வலிக்குறைவு பெற்றனர்.

ஒப்பீட்டு ஆய்வுகள்

நாட்பட்ட வலி கூடியும் குறைந்தும் வருவது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலோர் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். அந்த உச்சம் சில நாள்களில் தானாகவும் தணியும். அப்போது எந்தச் சிகிச்சை நடந்துகொண்டிருந்ததோ அதற்கே நற்பெயர் போய்ச் சேரும். இதனால்தான் ஒரு சிகிச்சையின் பயனை அறிய, குலுக்கல் முறையில் பிரித்த குழுக்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

பின்லாந்து, 2003: கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டுக்குப் பின், முழுமையான அல்லது பெருமளவு ஆறுதல் பெற்றவர்கள் வலிமைப் பயிற்சிக் குழுவில் 73 விழுக்காடு, தாங்குதிறன் பயிற்சிக் குழுவில் 59 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 21 விழுக்காடு.

அமெரிக்கா, 2001: 191 பேரில் ஒரு பகுதியினருக்குக் கைமுறைச் சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றவர்கள் கைமுறைச் சிகிச்சையுடன் எளிய பயிற்சியோ, கருவிகளுடன் பயிற்சியோ பெற்றனர். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பயிற்சி இருந்த இரு குழுக்களிலும் வலி குறைவாக இருந்தது.

ஆஸ்திரேலியா, 2002: கழுத்திலிருந்து எழும் தலைவலி கொண்ட 200 பேரிடம் நடந்தது. 6 வாரக் கைமுறைச் சிகிச்சையும், ஆழ்தசைப் பயிற்சியும் தனித்தனியே தலைவலியைக் குறைத்தன. பயன் 12 மாதங்கள் வரை நிலைத்தது.

டென்மார்க், 2011: 198 அலுவலகப் பணியாளர்களில் ஒரு குழு நாளுக்கு 2 நிமிடமும், மற்றொரு குழு 12 நிமிடமும் ரப்பர் குழாயைக் கொண்டு வாரத்தில் 5 நாள்கள் தோள் பயிற்சி செய்தன. 10 வாரங்களில் இரு குழுக்களிலும் வலி குறைந்தது.

எந்தப் பயிற்சி சிறந்தது என்ற கேள்விக்கு, 40 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த கட்டுரை விடையளிக்கிறது. ஆழ்தசைப் பயிற்சி, வலிமைப் பயிற்சி, யோகாசனம் போன்ற முறைகள் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. ஒன்று மட்டும் மற்றவற்றை விஞ்சவில்லை. ஒருவர் விடாமல் செய்யக்கூடிய பயிற்சியே அவருக்கு ஏற்றது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பயிற்சிக்கும் எல்லை உண்டு. வாகன விபத்தில் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டு, வலி நாட்பட்டுப்போன 172 பேரிடம் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. 20 அமர்வு கொண்ட விரிவான பயிற்சித் திட்டம், அரை மணி நேர ஆலோசனையும் தொலைபேசி உதவியும் தந்ததைவிடக் கூடுதல் பயன் தரவில்லை என்று 2014இல் தெரியவந்தது.

நடைமுறையில்

பத்து நாள்கள் கரண்ட் வைத்து, இழுவையும் எடுத்து, வலி குறைந்ததும் நின்றுவிடுவதும், சில மாதங்களில் மீண்டும் அதே பத்து நாள்களுக்குச் செல்வதும் பலரிடம் காணப்படும் வழக்கம். தினக்கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு சுற்றும் கட்டணத்தோடு வேலை இழப்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. வலி குறைந்த அந்த நாள்களே பயிற்சியைத் தொடங்க ஏற்ற காலம். அப்போது கழுத்து அசைவுக்கு இடம் கொடுக்கும். சிகிச்சை தொடங்கும்போதே 'எனக்கான பயிற்சி எது, எத்தனை முறை, எப்போது கூட்டுவது' என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முன்னேற்றத்தை அளக்க, ஹோவர்ட் வெர்னன் 1991இல் வெளியிட்ட கழுத்து இயலாமைக் குறியீடு பயன்படுகிறது. இதில் 10 பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 50. மதிப்பெண் குறைவது முன்னேற்றம்.

பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் தசைவலி சிறிது கூடலாம். அது மறுநாளைக்குள் தணிந்தால் தொடரலாம். தணியாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். பயன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம்.

எச்சரிக்கை

பின்வருவன இருந்தால் இயன்முறை சிகிச்சைக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்:

- கையில் வலுவிழப்பு, பொருள்கள் நழுவி விழுதல், பொத்தான் போடச் சிரமம், நடையில் தள்ளாட்டம்
- சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
- காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்திருத்தல்
- கீழே விழுந்தபின் அல்லது விபத்துக்குப் பின் ஏற்பட்ட வலி

நெஞ்சு வலி, வியர்வை ஆகியவற்றுடன் கழுத்து, தாடை, இடது கையில் வலி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

கழுத்தைச் சட்டென்று திருகுவதால், அரிதாக, மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் ஏற்படக்கூடும். ஆகவே பயிற்சி பெறாதவர்களிடம் கழுத்து மூட்டைத் திருப்பிக்கொள்வதும், சலூனில் முடிவெட்டியபின் கழுத்தில் நெட்டி முறித்துக்கொள்வதும் தவிர்க்க வேண்டியவை.