குறியை அளத்தலும் மனத்தைத் தீர்மானித்தலும்

மனிதரின் உணர்ச்சி நிலையை முகம், குரல், நாடித்துடிப்பு, தோலில் கசியும் வியர்வை முதலான புறக்குறிகளைக் கொண்டு ஊகித்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் கணினிகளை உருவாக்கும் துறை ‘உணர்வுசார் கணிமை’ எனப்படுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ரோசலிண்ட் பிக்கார்ட் 1995-இல் எழுதிய ஆய்வறிக்கையும் 1997-இல் வெளியிட்ட நூலும் இத்துறைக்குப் பெயரளித்தன. குறியை அளப்பது ஒன்று. அதை வைத்து ஒருவரின் மனத்தைத் தீர்மானிப்பது வேறொன்று. இத்துறையால் நன்மை விளைந்த இடங்களும் தவறு நேர்ந்த இடங்களும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைந்துள்ளன.

கணினி முகத்தைப் படிப்பதற்கு அடித்தளமிட்டது, உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1978-இல் வகுத்த முக அசைவுக் குறியீட்டு முறையாகும். புருவம் உயர்வது, உதட்டோரம் இழுபடுவது என ஒவ்வோர் அசைவுக்கும் எண்ணிட்ட அம்முறை அசைவுகளை மட்டுமே விவரித்தது. ஆனால், அடிப்படை உணர்ச்சிகள் சில எல்லா மக்களிடத்தும் ஒரே முகக்குறியுடன் வெளிப்படும் என்ற எக்மனின் கோட்பாடும் அதனோடு சேர்ந்தபோது, படங்களைக் ‘கோபம்’, ‘அச்சம்’, ‘மகிழ்ச்சி’ என வகைப்படுத்திக் கணினியைப் பயிற்றுவிப்பது எளிதாயிற்று. பிக்கார்டும் ரானா எல் கலியூபியும் 2009-இல் தொடங்கிய அஃபெக்டிவா நிறுவனம் விளம்பரம் பார்ப்போரின் முகமாற்றங்களை அளந்தது. வேறு சில நிறுவனங்கள் வேலை தேடுவோரின் காணொளி நேர்காணல்களிலும் முகத்தை மதிப்பிடலாயின.

லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து 2019-இல் வெளியிட்ட மதிப்புரை இக்கட்டடத்தையே அசைத்தது. கோபமுற்றவர்கள் முகஞ்சுளிப்பது சராசரியாகச் சுமார் 30 விழுக்காட்டு நேர்வுகளில்தான் என்றும், கோபமே இல்லாதவரும் ஆழ்ந்து சிந்திக்கையில் முகஞ்சுளிப்பதுண்டு என்றும் அது எடுத்துக்காட்டியது. அவ்வாறாயின், ஒருவரின் பிழைப்பை முகச்சுளிப்பைக் கொண்டு முடிவுசெய்வது அநீதியன்றி வேறில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முகத்திலிருந்து உணர்ச்சியைக் கணிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக 2022-இல் அறிவித்தது.

அளத்தலோடு நின்ற இடத்தில் விளைந்த பயனுக்குச் சான்று பிக்கார்டின் ஆய்வகத்திலேயே உண்டு. மன அழுத்தத்தை அறிவதற்காகத் தோலின் மின்கடத்துதிறனை, அதாவது வியர்வைச் சுரப்பிகள் தூண்டப்படும்போது தோலில் மின்சாரம் பாயும் அளவு மாறுவதை, பதிவுசெய்யும் மணிக்கட்டுப் பட்டைகள் அங்கே உருவாக்கப்பட்டன. மாணவர் ஒருவர், பேச இயலாத, ஆட்டிசம் உள்ள தம் தம்பிக்கு அவற்றை இரு கைகளிலும் அணிவித்தபோது, ஒரு கையின் அளவு மட்டும் திடீரென மிக உயர்ந்திருந்தது. கருவியின் கோளாறெனத் தோன்றிய அந்த உயர்வு, சிறுவனுக்கு வந்த வலிப்போடு தொடர்புடையது எனப் பின்னர் தெரியவந்தது. மருத்துவமனை ஆய்வுகளுக்குப் பின், இவ்வழியில் எம்பாட்டிகா நிறுவனம் உருவாக்கிய வலிப்பு அறியும் கைப்பட்டைக்கு 2018-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ‘நீ என்ன உணர்கிறாய்’ என்று அக்கருவி அறுதியிடுவதில்லை. உடலில் நிகழும் ஆபத்தை உரியவருக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் தெரிவிக்கிறது.

இனிவரும் சிக்கல் முகத்தைவிட உரையாடலில்தான் மிகுதி. ஜோசப் வைசன்பாம் 1966-இல் வெளியிட்ட எலிசா என்ற எளிய நிரல், தட்டச்சிடப்பட்ட சொற்களையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டது. அதன் இயல்பை அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியே பேசுவதற்காக அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னார். இன்றைய உரையாடல் செயலிகளோ சொல்லின் சாயலையும் தயக்கத்தையும் பின்தொடர்ந்து பரிவான மறுமொழி தருகின்றன. தனிமையில் வாடுவோர் அவற்றிடம் மனந்திறக்கின்றனர். பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியைக் கணிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் மூலம் தடைசெய்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும், முகம், குரல் போன்ற உடல்சார் தரவுகளைக் கொண்டு கணிக்கும் முறைமைகளையே உணர்ச்சி அறியும் முறைமை என அச்சட்டம் வரையறுப்பதால், தட்டச்சிடும் சொற்களிலிருந்து மட்டும் ஒருவரின் மனநிலையை ஊகிக்கும் செயலி அத்தடைக்கு வெளியே நிற்கிறது.