பாடக்குறிப்பும் உப்பளத்துப் பிள்ளைகளும்

வகுப்புக்குள் போகும் முன் ஆசிரியர் எழுதி வைத்துக்கொள்வதற்குப் பெயர் பாடக்குறிப்பு. எங்களுக்குள் ‘நோட்ஸ் ஆஃப் லெசன்’ என்போம். பெற்றோர் பெரும்பாலும் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கற்றல் விளைவு, துணைக்கருவி, அறிமுகம், செயல்பாடு, மனவரைபடம், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், தொடர்பணி என்று கட்டம் கட்டமாக எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பி.எட். படிக்கும்போது ஹெர்பார்ட் என்ற ஜெர்மானியரின் பெயரில் ஐந்து படிநிலைகளை மனப்பாடம் செய்தோம். அவர் 1841-லேயே இறந்துவிட்டார். படிநிலைகளுக்கு அந்த வடிவம் கொடுத்தவர்கள் அவருக்குப் பின்வந்த சீடர்கள். பிறகு நம்மூரில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. தலைப்புகள் மாறின, கட்டங்கள் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கட்டங்களைத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரே நிமிடத்தில் நிரப்பித் தருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது, அடுத்து ஜெமினி, இன்னும் பல. கைப்பேசியில் பாடத்தலைப்பைத் தமிழில் தட்டினால் போதும். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்துக்குப் போனால் டீ குடிக்கிற நேரத்தில் இதுதான் பேச்சு. “டீச்சர், நீங்க எதுல போடுறீங்க?” என்று கேட்கிறார்கள். எதில் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. என்ன சொல்லிப் போடுகிறோம், வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது பிள்ளைகளுக்கு உதவுகிறது.

நான் வேதாரண்யம் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் அறிவியல் என் ஒருத்தியிடம்தான். பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்.

ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் ‘நம்மைச் சுற்றியுள்ள பருப்பொருள்கள்’ என்றொரு பாடம். அதில் கலவைகளைப் பிரிக்கும் முறைகள் வரும்: தூற்றுதல், சலித்தல், கையால் தெரிந்தெடுத்தல், படியவைத்தல், வடிகட்டுதல், காந்தத்தால் பிரித்தல். எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்குக் காட்டுவதற்காக, இந்தத் தலைப்பையும் வகுப்பையும் மட்டும் கொடுத்து ஒரு பாடக்குறிப்பு கேட்டேன். பார்வைக்கு லட்சணமாக வந்தது. ஐந்து பேர் கொண்ட குழுக்கள், குழுவுக்கு ஒரு பீக்கர், வடிதாள், புனல், சாராய விளக்கு, அச்சடித்த பணித்தாள், முடிவில் புரொஜெக்டரில் ஒரு காணொளி. நோட்டில் எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் வகுப்பில் நடத்தவும் முடியாது.

ஏன் இப்படி வருகிறது என்று புரிந்துகொள்வது நல்லது. இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியவை. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதிக்கொண்டே போகின்றன. அவை படித்த பக்கங்களில் ஆங்கிலத்துக்குத்தான் பெரும்பங்கு. அதனால் நாம் எதுவும் சொல்லாவிட்டால், எல்லாக் கருவியும் இருக்கிற, எல்லாப் பிள்ளைகளும் சரளமாக வாசிக்கிற ஒரு வகுப்பை அவை தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. நம் வகுப்பு எப்படிப்பட்டது என்பது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது முறை கணக்கு டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே தட்டினேன். பாடநூலின் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். ‘இந்தப் பாடநூலில் உள்ள கலைச்சொற்களையே பயன்படுத்து. ஒரு பாடவேளைதான் இருக்கிறது. புரொஜெக்டர் இல்லை, பணித்தாள் அச்சடிக்க முடியாது. ஊர் உப்பளத்துக்கு அருகில் இருக்கிறது. வீடுகளில் முறம், சல்லடை உண்டு. சிலருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கரைந்த பொருள் காணாமல் போய்விடுகிறது என்று பிள்ளைகள் நம்பக்கூடும். அதை வெளிக்கொண்டுவருகிற ஒரு கேள்வி வேண்டும்.’

இப்போது வந்தது வேறு மாதிரி இருந்தது. பதர் கலந்த நெல்லும் முறமும் கொண்டுவரச் சொன்னது. உப்பளத்திலிருந்து மண்ணோடு அள்ளிய உப்பை ஒரு கண்ணாடி டம்ளர் நீரில் கரைத்து, மண் படிந்ததும் மேல்நீரை இறுத்து, வேட்டித்துணியில் வடிகட்டி, எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வைக்கச் சொன்னது. உப்பைக் கரைக்கும் முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லி, எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று பிள்ளைகளை முதலில் ஊகிக்க வைக்கச் சொன்னது. இந்த எடைக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

சிவப்பு மையால் அடித்தவையும் உண்டு. கரைந்ததா என்று பிள்ளைகள் ‘சுவைத்துப் பார்க்கட்டும்’ என்று ஒரு வரி. தரையில் கிடந்த உப்பை எந்தப் பிள்ளையின் வாயிலும் வைக்க விடமாட்டேன். மதிப்பீட்டில் ஒரு விடை, உப்புக் கரைசலை வடிகட்டினால் உப்பு துணியில் தங்கும் என்றது. தவறு. கரைந்த உப்பு துணியின் இழைவழியே நீரோடு போய்விடும், அதனால்தான் ஆவியாக்க வேண்டியிருக்கிறது. பாடத்தின் உயிர்நாடியே அந்த இடம். இத்தனைக்கும் அந்தத் தவறான விடை மற்ற விடைகளின் அதே உறுதியான தொனியில் எழுதப்பட்டிருந்தது. அறிவியல் படிக்காத ஒருவர் அந்த வரியைக் கடந்து போயிருப்பார். ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுக்கிற தொடக்கப்பள்ளிகளை நினைத்தால் இது எனக்குக் கவலை தருகிறது. பாடநூலைப் பக்கத்தில் விரித்து வைத்து ஒவ்வொரு விடையையும் ஒத்துப்பார்க்காமல் எதையும் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. அடித்தவற்றில் இன்னொன்று: தூற்றுவதற்கு மின்விசிறி வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆடி மாதத்தில் எங்கள் வராந்தாவில் நின்றால் முறத்தையே காற்று பிடுங்கிக்கொண்டு போகும்.

வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். சத்துணவுக்கூடத்து அக்காவிடம் தராசை வாங்கி வந்தோம். 200 கிராம் தண்ணீர், 20 கிராம் உப்பு. கரைத்த பிறகு எவ்வளவு இருக்கும்? 200 என்று நிறையக் கைகள் உயர்ந்தன. “அதான் கரைஞ்சு போச்சே டீச்சர், அப்புறம் எப்படி எடை இருக்கும்?” என்றான் ஒரு பையன். பின்வரிசையில் ஒரு பெண், அதிகம் பேசாதவள், எழுந்தாள். “கரைஞ்சா போயிருமா? பாத்தியில இருக்கிற தண்ணியிலேருந்துதானே எங்கம்மா உப்பு வாருறாங்க?” தராசு 220 காட்டியது. அதற்குப் பிறகு குறிப்பில் இருந்த வரிசையை ஓரமாக வைத்துவிட்டேன். பாத்தியில் நீர் கட்டுவது, வெயிலில் அது வற்றுவது, உப்பு பூப்பது, வாரிக் குவிப்பது எல்லாவற்றையும் அவளே கரும்பலகையில் வரைந்து காட்டினாள். படிகமாதல் என்ற சொல்லை நான் கடைசியில்தான் சொன்னேன்.

இந்தத் திருப்பத்தை எந்தக் கருவியும் எழுதித் தந்திருக்க முடியாது. ஆனால் எடைக் கேள்வி இல்லாவிட்டால் அவள் எழுந்திருக்கவும் மாட்டாள். கருவி எனக்கு எங்கே உதவுகிறது என்று யாராவது கேட்டால் இந்த வகுப்பைத்தான் சொல்வேன்.

இன்னோர் உதவியும் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கிறார்கள். அந்த எண்ணத்தை ஆறாம் வகுப்புக்கும் எடுத்துக்கொண்டேன். ஒரே கருத்தை மூன்று அட்டைகளாக எழுதித் தரச் சொல்வேன். முதல் அட்டையில் நாலைந்து சொல் வாக்கியங்களும் படமும். நடு அட்டையில் ஒரு பத்தி. மூன்றாவதில் ஒரு கணக்கு: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன, ஒரு கிலோ கிடைக்க எத்தனை லிட்டர் வற்ற வேண்டும்? மூன்று வகுப்புப் பாடத்தையும் வைத்துக்கொண்டு மூன்று நிலை அட்டைகளையும் கையால் எழுத எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போதாது. இப்போது அட்டைகளைத் திருத்துகிற வேலைதான் மிஞ்சுகிறது.

நேரம் மிச்சமாகிறதா என்பதை இங்கிலாந்தில் முறையாகவே சோதித்திருக்கிறார்கள். 68 மேல்நிலைப் பள்ளிகளில் 259 அறிவியல் ஆசிரியர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சாட்ஜிபிடியும் அதைப் பயன்படுத்தும் வழிகாட்டியும் தந்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வந்தது. கருவி இல்லாதவர்கள் வாரத்துக்கு 81.5 நிமிடம் செலவிட்ட தயாரிப்பு வேலையைக் கருவி உள்ளவர்கள் 56.2 நிமிடத்தில் முடித்தார்கள். எது யாருடையது என்று தெரியாமல் பாடங்களைப் பார்த்த நிபுணர் குழுவுக்குத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வாரத்தில் 25 நிமிடம் என்பது சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அது மூன்று பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து வாசிக்கக் கேட்கிற நேரம்.

நம் பக்கத்து மாநிலத்து முயற்சி ஒன்று இன்னும் கவனிக்கத்தக்கது. கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்காக மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் சிக்ஷணா அறக்கட்டளையும் சேர்ந்து ‘சிக்ஷா கோபைலட்’ என்ற கருவியை உருவாக்கி, 2023-இல் பெங்களூருப் பகுதிப் பள்ளிகளில் சோதிக்கத் தொடங்கின. மாநிலப் பாடநூலையே அடிப்படையாக வைத்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் குறிப்பு தயாரிக்க உதவும் கருவி அது. நமக்கும் இப்படி ஒன்று வேண்டும். நம் சமச்சீர்ப் பாடநூல்கள், ஆசிரியர் கையேடுகள் எல்லாம் மின்வடிவில் இருக்கும்போது, ஒவ்வோர் ஆசிரியரும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

மனம் விட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடக்குறிப்பை அப்படியே பார்த்து எழுதுவது செயற்கை நுண்ணறிவு கொண்டுவந்த பழக்கமல்ல. வாட்ஸ்அப் குழுக்களில் வாரந்தோறும் பிடிஎஃப் வருகிறது. அதற்கு முன் அச்சடித்த வழிகாட்டிகள் இருந்தன. ஆய்வுக்கு வருகிறவர் முதலில் நோட்டைப் புரட்டி, கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா, தேதி சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஆசிரியரும் அதற்கு வேண்டியதை மட்டுமே எழுதுவார். கைப்பேசியில் நொடியில் வந்ததை ராத்திரி உட்கார்ந்து நீல மையில் நோட்டுக்கு மாற்றி எழுதுகிற இளம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உழைப்பால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை. “அக்கா, எழுதலேன்னா கேப்பாங்களே” என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். வருகிறவர்கள் நோட்டை மூடி வைத்துவிட்டு, ‘இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்று நினைத்தீர்கள், அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கத் தொடங்க வேண்டும். வகுப்பை யோசிக்காத ஆசிரியருக்கு எந்தக் கருவியும் அதற்குப் பதில் தயாரித்துத் தராது.

பிள்ளைகளைப் பற்றிக் கருவியிடம் என்ன சொல்லலாம் என்பதிலும் கவனம் தேவை. ‘சிலருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்’ என்பது போதும். பெயர், கல்வித்துறைப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எமிஸ் எண், உடல்நலக் குறைபாடு, குடும்ப நிலை எதையும் தட்டக் கூடாது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகள். அவர்கள் விவரத்துக்குத் தனிக் காப்பு உண்டு.

எங்கள் குறுவள மையத்தில் அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பொதுக் கோப்பு தொடங்கியிருக்கிறோம். அதில் கருவி கொடுத்த குறிப்பை அப்படியே போட அனுமதியில்லை. எதை அடித்தோம், ஏன் அடித்தோம், வகுப்பில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று மூன்று பத்தி சேர்த்து எழுதினால்தான் சேரும். என் உப்புப் பாடம் அதில் இருக்கிறது. கோடியக்கரைப் பக்கத்துச் சார் ஒருவர் ‘காற்று’ பாடத்தைத் தன் மீனவப் பிள்ளைகளுக்கு நடத்திவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பருவம் தொடங்கும் முன் அது வந்துவிட்டால், நான் அதைத்தான் முதலில் படித்துவிட்டுக் கைப்பேசியை எடுப்பேன்.